ஜொகூர் பாருவில் ஒரு சுவையான சுற்றுலா



இத்தாலி நாட்டின் பழம்பெரும் நகரங்களைக் காணச் செல்வோர், தேவாலயங்களையும் அரண்மனைகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. அந்தந்த ஊரில் பெயர்பெற்ற உணவையும் கேட்டு வாங்கி உண்பார்கள். நேப்பிள்ஸ் நகருக்குப் போனவர் பிஸ்ஸாவைச் சுவைக்காமல் வருவது அரிது. நமது ஜொகூர் பாருவையும் நாம் இவ்வாறு சுற்றிப் பார்க்கலாம்.

1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் இவ்வூரைத் தஞ்சோங் புத்திரி என்னும் பெயரில் நிறுவினார். அவருடைய மகன் அபு பக்கார் பின்னர் இதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசல் 1892-இல் தொடங்கி 1900-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கோபுரங்களில் ஐரோப்பியக் கட்டடக் கலையின் சாயலைக் காணலாம். சுல்தான் அபு பக்கார் ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்று வந்தவர். 1895-இல் இலண்டனில் காலமானார்.

இந்த ஐரோப்பியத் தொடர்பு உணவுத் தட்டிலும் உண்டு. மற்ற மாநிலங்களில் லக்சாவுக்குப் பெரும்பாலும் அரிசி மாவில் செய்த சேவையைப் பயன்படுத்துவார்கள். லக்சா ஜொகூருக்கோ இத்தாலியரின் ஸ்பாகெட்டிதான் வேண்டும். இத்தாலியில் அதைச் சுவைத்த சுல்தான், அரண்மனைச் சமையலில் சேர்க்கச் சொன்னார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மீனை வேகவைத்து, முள் நீக்கி அரைத்து, தேங்காய்ப் பாலும், வறுத்து இடித்த தேங்காயும், மசாலைத் தூளும் சேர்த்துக் குழம்பு காய்ச்சுகிறார்கள். மேலே வெள்ளரிக்காய், வெங்காயம், கெசோம் இலை ஆகியவற்றைத் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள்.

காச்சாங் பூல் என்பது இவ்வூரின் இன்னோர் உணவு. 'ஃபூல்' என்றால் அரபு மொழியில் ஒருவகை அவரைக்கொட்டை. அதை வேகவைத்து மசித்து, முட்டை வைத்து, ரொட்டியோடு உண்பார்கள். அரபு நாட்டுத் தொடர்பைப் பெயரே சொல்லிவிடுகிறது. தான் ஹியோக் நீ சாலையில், 1919 முதல் நடந்துவரும் சீனர் ரொட்டிக்கடை ஒன்றில் விறகு அடுப்பிலேயே வாழைப்பழக் கேக் வேகிறது. அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் நம்மவர் எழுப்பிய இராஜமாரியம்மன் ஆலயம். அதன் சுற்றுப்புறத்தில் வாழையிலைச் சாப்பாடு.

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் ஆசிரியர்களும் ஒவ்வோர் உணவின் முன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இதில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன? அவை எங்கிருந்து வந்தன? யார் கொண்டு வந்தார்கள்? பாடநூலில் படித்த வரலாறு அப்போது அவர்கள் மனத்தில் பதியும்.

இதே கேள்விகளை வீட்டிலும் கேட்க வேண்டும். சுல்தான்களுக்கு அரண்மனையும் பள்ளிவாசலும் அடையாளமாக நிற்கின்றன. பால்மரம் சீவிய நம் முன்னோர் வாழ்ந்த லயன் வீடுகளோ பல இடங்களில் இடிக்கப்பட்டு, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த வாழ்வில் எஞ்சியிருப்பது பாட்டிமார் கைப்பக்குவம். கருவாட்டுக் குழம்பையும், புறம்போக்கில் பறித்த கீரையின் மசியலையும் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று இன்றே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.