வடகத்தில் ஒட்டிய கணக்கு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட கூழ்வடகத்தை எடுக்கும்போதெல்லாம் விரலில் கருந்தூசி ஒட்டும். மாசுக் கணக்கேட்டில் எழுதிய புகைக்கும் நான் சுவாசிக்கும் புகைக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று அப்போதுதான் கேட்கத் தொடங்கினேன்.

அந்தக் கணக்கேடு தயாராகும் விதம் எளிது. ஓர் உலை எரிக்கும் நிலக்கரியின் அளவை, டன்னுக்கு இவ்வளவு புகை என்ற சராசரி எண்ணால் பெருக்குவார்கள். சிப்காட் ஆலைகள், அத்திப்பட்டு அனல்மின் நிலையம், கொல்கத்தா நெடுஞ்சாலை லாரிகள் என்று எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே முறைதான். வடிகட்டி பழுதானதும், இரவில் குப்பை எரிந்ததும் அந்தப் பெருக்கலில் தெரியாது.

அதனால் காற்றையே சாட்சிக்கு அழைக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே தொடர் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள் நைட்ரஜன் டை ஆக்சைடை வானிலிருந்து அளக்கிறது. ஏட்டு எண்களைக் காற்றின் திசை, வேகத்தோடு கணினியில் ஓட்டி, அளந்த அளவோடு ஒப்பிட்டால் விடுபட்ட புகை வெளிப்படும்.

பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. காற்றை அந்த வரம்புக்குள் கொண்டுவர, ஏடு சரியாக இருந்தால்தான் எந்தப் புகைபோக்கியை முதலில் கவனிப்பது என்று தெரியும். என் பேரனுக்காக அந்தச் சரியான ஏட்டைத்தான் கேட்கிறேன்.