எல்லாத்துக்கும் வயசுதானா காரணம்?

நாற்பதைத் தாண்டிவிட்டால் போதும், பெண்களின் உடம்புக்கு ஒரே ஒரு வியாதிதான். அதன் பெயர் 'வயசு'. கண் மங்கினால் வயசு, காது கேட்காவிட்டால் வயசு, முட்டி வலித்தால் வயசு, ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் வயசு. படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள்கூட இவ்வளவு சுலபமாக வியாதியைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் சொல்வது கிடக்கட்டும். நாமே முந்திக்கொண்டு, "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம்.

எனக்கு 47 வயது. குமாரபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு 25 வருஷமாகிறது. இந்த இரண்டு மூன்று வருஷமாக என் வீட்டிலும் தெருவிலும் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், பாவம் அந்த வயசு, தான் செய்யாத குற்றத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. கைக்குழந்தையோடு இதைப் படிக்கும் சகோதரிகள், 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அத்தையோ இருப்பார்கள்.

நிஜமாகவே வயசுக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது கண். எனக்கு 43 வயதிலேயே அரிசியில் கல் பொறுக்குவது கஷ்டமாகிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்க மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. மருந்து பாட்டிலில் தேதி பார்க்க வேண்டுமானால் வாசல் வெளிச்சத்துக்குப் போய்க் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பேன். கொஞ்ச நாளில் கையின் நீளமும் போதவில்லை! கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ், வயது ஏற ஏற விறைத்துப்போய், கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க வளைந்து கொடுக்காதாம். எல்லோருக்கும் நாற்பதை ஒட்டி வருவது. நம் பெரியவர்கள் இதைச் 'சாளேசரம்' என்பார்கள். இந்தியில் 'சாலீஸ்' என்றால் நாற்பது, அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வதுண்டு.

வயசால் வருவதுதான் என்றாலும் சும்மா இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? எங்கள் ஊர் தறி ஊர். துண்டும் லுங்கியும் ஓடுகிற தறியில் இழை அறுந்தால், அதைப் பிடித்து விழுதிலும் அச்சிலும் கோர்த்து ஓட்ட வேண்டும். மயிரிழை சமாச்சாரம். கண் மங்கினால் கூலியும் மங்கிவிடும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய 751 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2018இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு முதலிலேயே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்களின் இலை பறிப்பு, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. ஒரு சாதாரணக் கண்ணாடி செய்த வேலை அது.

"கண்ணாடி போட்டாப் பழகிரும், அப்புறம் கழட்டவே முடியாது" என்று எங்கள் தெருவில் இன்றும் பயப்படுகிறார்கள். கண்ணாடி போடுவதால் கண் கெடுவதில்லை, போடாமல் இருந்தாலும் அந்த லென்ஸ் தன் போக்கில் விறைக்கத்தான் செய்யும். ஆனால் திருவிழாக் கடையில் எதையோ எடுத்து மாட்டிக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்காது. ஒரு தடவை முறையாகக் காட்டினால், கண்ணில் நீர் அழுத்தம் இருக்கிறதா, சர்க்கரையால் உள்ளே ஏதாவது ஆகியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்கள். இவை இரண்டும் வலி இல்லாமல் வந்து பார்வையைக் கொண்டுபோகிறவை.

கண் என்றதும் மதுரை டாக்டர் வெங்கடசாமி ஞாபகம் வருகிறார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர். மூட்டுவாதத்தில் அவருடைய விரல்களெல்லாம் கோணியிருந்தன. அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்தார். வயசாச்சு என்று அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் இருட்டில் கிடந்திருப்பார்கள்!

அடுத்தது காது. இது என் மாமியாரின் கதை. அவர்களுக்கு 72 வயது. சிறுமியாக இருந்தபோது தார் சுற்றப் போனவர், பிறகு 30 வருஷத்துக்கு மேல் விசைத்தறியிலேயே நின்றவர். எங்கள் வீட்டிலும் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறி கூலிக்கு ஓடுகிறது. இந்த ஊரில் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், 'எல்லோரும் ஏன் இப்படிச் சண்டை போடுகிறார்கள்?' என்று பயந்துபோனேன். அப்புறம்தான் தெரிந்தது, அது சண்டை இல்லை, தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த பழக்கம்.

அத்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார்கள். வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள். "பாய் எடுத்துப் போடுங்க அத்தை" என்றால் காய்க் கூடையைக் கொண்டுவந்து வைப்பார்கள். சத்தமாகச் சொன்னாலோ, "ஏம்புள்ள கத்தறே? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்பார்கள். என் நாத்தனார், "அம்மாவுக்குப் புத்தி தடுமாறுது, வயசாச்சில்ல" என்று கண் கலங்கினாள்.

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, முதலில் கேட்ட கேள்வியே, "தறியில வேலை செஞ்சீங்களாம்மா?" என்பதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருப்பதுதான் காதுக்கு எல்லையாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 88 என்றால் நாலு மணி, 91 என்றால் இரண்டு மணி. இப்படியே கணக்குப் போட்டால் 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். விசைத்தறிக் கூடத்தில் சத்தம் தொண்ணூறைத் தாண்டித்தான் இருக்கும். அதில் 30 வருஷம் நின்ற காது என்னாகும்? உள்காதில் இருக்கிற மெல்லிய மயிர் செல்கள் அழிந்துவிடுகின்றன. அவை மறுபடி முளைப்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கீச்சென்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும். அ, ஆ என்கிற ஒலி கேட்கும், முன்னால் இருக்கிற க, ச, ப, த தேய்ந்துவிடும். அதனால்தான் 'பாய்' காயாகிப் போனது! பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறோம் என்பது புரிவதில்லை. அத்தை "நல்லாத்தான் கேக்குது" என்று சொன்னதும் பொய் இல்லை, நாத்தனார் பார்த்ததும் பொய் இல்லை.

காது மெஷின் வைத்த முதல் வாரம், "பாத்திரம் கழுவற சத்தம் மண்டையில இடிக்குது" என்று கழற்றி வைத்துவிட்டார்கள். பழக இரண்டு மாதம் பிடித்தது. புத்தி தடுமாற்றமும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்போது சீட்டுக் கணக்கில் என்னையே மடக்குகிறார்கள். லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்கள் என்று 14ஐச் சொன்னது. அதில் காது கேளாமையும் ஒன்று. காது போனவர்கள் பேச்சுத்துணை இல்லாமல் ஒதுங்கிப் போவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

என் கணவரிடம் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொண்டு தறி ஓட்டச் சொன்னேன். "இழை அறுந்தாச் சத்தத்துலதான் புள்ள தெரியும், காதை அடைச்சுக்கிட்டா எப்பிடி?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தறிக்காரர்களுக்குக் காதும் ஒரு கண்தான். ஆனாலும் அடைப்பான் சத்தத்தைக் குறைக்கிறதே தவிர அடியோடு நிறுத்துவதில்லை. பத்து நாளில் அந்தக் குறைந்த சத்தத்திலேயே வித்தியாசம் பிடிபட்டுவிட்டது அவருக்கு. வெறும் பஞ்சை வைத்துக்கொள்வது மட்டும் பிரயோஜனமில்லை. தறி வீட்டில் தொட்டில் கட்டுகிற தாய்மார்கள் தொட்டிலைச் சத்தத்துக்குத் தள்ளி, உள் அறையில் கட்டுங்கள். குழந்தை அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிவிட்டது என்று பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனிச் சொல்லப்போவதை ஆண்கள் எதிரில் பேச மாட்டோம். பெண்கள் பத்திரிகை என்பதால் எழுதுகிறேன்.

நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். எனக்கும் ஒன்றரை வருஷமாக முன்னே பின்னே ஆகிறது. திடீரென்று உள்ளிருந்து அனல் கிளம்பி முகம் வேர்க்கிறது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் அது உடம்புச் சூடா, ஊர்ச் சூடா என்று தெரிந்துகொள்வதே பாடு! இதெல்லாம் வயசுக்குச் சேர்ந்ததுதான். சாயங்காலக் காப்பியை விட்டேன், பருத்திப் புடவைக்கு மாறினேன், கொஞ்சம் தேவலை.

ஆனால் எல்லா உதிரப்போக்கும் இந்தக் கணக்கில் வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 54 வயது. அவர் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன், பேர் மட்டும் வேண்டாம் என்றார். போன வருஷம் ஆடிப் பதினெட்டுக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் காவேரிப் படித்துறைக்குப் போனோம். முளைப்பாலிகை விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தோம். ஆண்டுதோறும் முன்னால் நிற்கிற அக்கா, தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மேல்படியிலேயே நின்றார்.

"ஏனுங்க்கா, இறங்கலையா?"

"நா வரக்கூடாது அம்மிணி" என்று கண்ணால் ஜாடை காட்டினார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "உங்களுக்குத்தான் நின்னு நாலு வருஷம் ஆச்சேங்க?"

நாலு மாதமாகவே அப்படி இருந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிற நேரத்தில், தான் இதைப் போய்ச் சொல்வதா என்று வெட்கம். கணவரிடம் சொன்னதற்கு, "இந்த வயசுல இதையெல்லாம் ஆஸ்பத்திரியில போய்ச் சொல்லுவாங்களா?" என்றாராம். "போற காலத்துல உடம்பு ஒரு ஆட்டம் ஆடிட்டுத்தான் போகும்" என்று அக்காவும் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாளே ஈரோட்டுக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்திருக்கிறது என்று, அதில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய்தான், ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதற்கு மேல் மருந்தோ கரண்டு வைத்தியமோ தேவைப்படவில்லை. ரிசல்ட் வந்த அன்று அக்கா அழவில்லை, அவர் கணவர்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மாவிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டுக் கறை பட்டாலும் அது விலக்கு இல்லை, காட்டியாக வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். சவ்வு வறண்டு போனதாகவோ சின்னச் சதை வளர்ச்சியாகவோ இருக்கலாம். மீதி ஒருவருக்காகத்தான் பத்துப் பேரும் போக வேண்டியிருக்கிறது. கர்ப்பப்பை உட்சவ்வில் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கறைதான் முதலில் தென்படுமாம். வலி வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நிற்பதற்கு முன்பே வாரக்கணக்கில் படுவதும், கட்டி கட்டியாகப் போவதும், இரண்டு விலக்குக்கு நடுவில் படுவதும்கூட 'இந்த வயசுல அப்படித்தான்' என்று விடுகிற விஷயம் இல்லை. கர்ப்பப்பை வாய்க்குத் தனிச் சோதனை இருக்கிறது. அதை 30 வயதிலிருந்தே அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். இளம் தாய்மார்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகிற அன்றே கேட்டு வரலாம்.

இன்னொன்றும் கவனித்தேன். அக்கா தன் மாமியாருக்குக் கண் புரை ஆபரேஷன் செய்ய மூன்று தடவை கூட்டிக்கொண்டு அலைந்தவர். பேரனுக்கு இருமல் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் ஆட்டோ பிடிப்பார். அவருக்குத் தனக்கென்று ஒரு டாக்டர் சீட்டு எழுதினது, கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம், 26 வருஷம் கழித்து இதுதான் முதல் தடவை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் கணக்கு சரியாக வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் மாதம் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுகிற பொறுப்பை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கனமான குடம் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டித்திருப்பதால், தண்ணீர் சேந்தி வைப்பது அவர் கணவர். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒரு தடவை போய்க் காட்ட வேண்டும். அடுத்த தடவை தை மாதம். நானும் கூடப் போகிறேன். காது மெஷினுக்குப் பாட்டரி வாங்க வேண்டுமாம், தன்னையும் கூட்டிப் போகச் சொல்லி அத்தை இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.