லைன்மேனிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது

வீட்டோரத்து முருங்கையோ வேம்போ மின்கம்பியை எட்டிவிட்டால், நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. வீட்டுக்காரரே அலுமினியக் குழாயின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு கிளையை வெட்டப் போகிறார். இல்லையென்றால் தெருவில் எதிர்ப்படும் லைன்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார். முதலாவது உயிரை எடுக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோமே என்பார்கள். அது வீட்டுக்குள் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும், தெருக்கம்பியில் மின்சாரம் அப்படியே இருக்கும். பச்சைக் கிளையே மின்சாரத்தைக் கடத்தும், மழையில் நனைந்தால் கேட்கவே வேண்டாம். அதே கம்பத்தின் உச்சியில் 11,000 வோல்ட் கம்பி போகிறதென்றால், தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே பாயும்.

இரண்டாவது வழி ஆபத்தாகத் தெரியாது, ஆனால் பயனும் இல்லை. வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. உங்கள் பகுதி மின் வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு மனு எழுதுங்கள். கம்பத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண், உங்கள் மின் இணைப்பு எண், கிளை எந்தக் கம்பியில் உரசுகிறது, காற்றடித்தால் பொறி பறக்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தரையில் நின்று எடுத்த படத்தையும் இணையுங்கள். மனுவுக்கு இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால், ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்புங்கள். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணை மனுவின் படியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஆள் வராவிட்டால் செயற்பொறியாளருக்கும், பிறகு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும் அதே படியோடு போகலாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ‘என் மனு மீது என்ன நடவடிக்கை’ என்று கேட்டால், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

மரம் தனியாருடையது, நாங்கள் தொட முடியாது என்று சில அலுவலகங்கள் கைவிரிக்கும். இதை ஏற்காதீர்கள். மின் பாதைக்கு இடைஞ்சலான மரத்தை அகற்றவோ கிளை கழிக்கவோ நிர்வாக நடுவரிடம் விண்ணப்பித்து உத்தரவு பெற, 2003 மின்சாரச் சட்டத்தின் 68(5) பிரிவு மின் வாரியத்துக்கு வழி தருகிறது. கம்பி வருவதற்கு முன்பே இருந்த மரம் என்றால், அதன் உரிமையாளருக்கு இழப்பீடும் உண்டு. மரம் போய்விடுமே என்று அஞ்சுவோரின் கவலை நியாயமானது. ஆனால் காலத்தில் கிளை கழித்த மரம்தான் பிழைக்கிறது. விட்டுவைத்த மரத்தைப் புயலுக்குப் பின் அடியோடு வெட்டுகிறார்கள். மின்சாரம் பாய்ந்து ஒருவர் இறந்தால் வாரியத்தின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை, பொறுப்பு அதனுடையதே என்று 2002இல் சைல் குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்பப் பார்த்தால், முத்திரை விழுந்த உங்கள் மனு அதற்குப் பதில் சொல்லும்.

மறுபடியும் சொல்கிறேன், கிளையை நீங்கள் வெட்டாதீர்கள். கம்பி அறுந்து தரையில் கிடந்தால், பியூஸ் போயிருக்கும் என்று நம்பாதீர்கள். காய்ந்த தரையில் கசியும் மின்சாரம் பியூஸை உருக்கப் போதாமல், கம்பி உயிரோடு கிடக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டோம் என்று வாரிய ஊழியர் சொல்லும்வரை ஆடு மாடுகளைக்கூட அந்தப் பக்கம் விடாதீர்கள்.