படம் ஏறியதும் திணறிய படிவம்

எங்கள் பள்ளியில் மாணவர் விவரங்களை அலுவலகக் கணினியில் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தரவுத்தளமாக வைத்திருக்கிறோம். சேர்க்கை எண்ணைத் தட்டினால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே படிவத்தில் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அதில் மாணவரின் படத்தையும் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் சான்றிதழ் மாறிப்போகாதே என்பது என் எண்ணம்.

படத்துக்கென்று ஓஎல்இ வகைப் புலம் ஒன்றை உருவாக்கினேன். கேமராவில் எடுத்த ஜேபெக் கோப்பை அதில் செருகினால் முகம் தெரியவில்லை. ஒரு சின்னமும் கோப்பின் பெயரும்தான் தெரிந்தன. அதையே பெயிண்டில் திறந்து பிஎம்பி கோப்பாகச் சேமித்துச் செருகியபோது முகம் தெரிந்தது. வழி கிடைத்துவிட்டது என்று ஒரு வாரம் மாலைநேரங்களில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றினேன்.

அதன் பலன் அடுத்த ஜூன் மாதத்தில் தெரிந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு தந்தை வந்திருந்தார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர். ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குப் போகவே படிவம் ஏழெட்டு வினாடி உறைந்து நின்றது. தேடத் தேட மணி ஓடியது. "முன்னாடி நோட்டுல பார்த்து உடனே குடுத்துருவீங்களே சார்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. இன்னும் சில நாளில் 350 படங்களைத் தாண்டியதும், புதிய படம் எதையும் கோப்பு ஏற்கவே மறுத்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. பிஎம்பி பொதுவாகச் சுருக்கப்படாத வடிவம். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகளை அப்படியே எழுதி வைக்கும். 1600 × 1200 புள்ளிகள் உள்ள படம் என்றால் 57,60,000 பைட்டுகள். வெள்ளைச் சுவராக இருந்தாலும் கூட்டமாக நிற்கும் பிள்ளைகளாக இருந்தாலும் அதே அளவுதான். அக்சஸ் கோப்பின் உச்ச வரம்போ 2 ஜிகாபைட். 370 படங்களைச் சுற்றியே அது நிரம்பிவிடும். ஜேபெக், கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துச் சுருக்குவதால், அதே படம் சில நூறு கிலோபைட்டுகளில் அடங்கும்.

ஆகவே படங்களைத் தரவுத்தளத்திலிருந்து வெளியே எடுத்தேன். சேர்க்கை எண்ணையே பெயராகக் கொண்ட ஜேபெக் கோப்புகளாகப் பக்கத்திலேயே ஒரு கோப்புறையில் வைத்தேன். அட்டவணையில் கோப்பின் இருப்பிடம் மட்டும் எழுத்தாக இருக்கும். 2007 பதிப்பிலிருந்து, படிவத்திலுள்ள படச் சட்டத்தை அந்தப் புலத்தோடு நேரடியாக இணைக்க முடியும். பழைய படங்களை நீக்கிய பிறகும் கோப்பு இளைக்கவில்லையே என்று பதறினேன். 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளையை இயக்கிய பிறகுதான் இளைத்தது. 2007இல் வந்த 'அட்டாச்மென்ட்' புலம் ஓஎல்இ-யைவிடச் சிக்கனமானதுதான். ஆனால் அதிலும் படம் அந்த 2 ஜிகாபைட்டுக்குள்ளேயே உட்காருகிறது.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறு ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களின் படங்களைக் கைபேசியில் எடுத்தோம். எல்லாம் ஜேபெக்தான், ஒவ்வொன்றும் 3 மெகாபைட் அளவு. படிவம் மறுபடியும் இழுத்தது. நான் கவனிக்கத் தவறியது இதைத்தான்: ஜேபெக்கின் சுருக்கம் வட்டில் இருக்கும்வரைதான். திரையில் காட்ட வேண்டுமானால் அதை விரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிட்டாக வேண்டும். 4000 × 3000 புள்ளிகள் நினைவகத்தில் 3.6 கோடி பைட்டுகளாக விரிகின்றன. படிவத்தில் அதற்கு ஒதுக்கிய சட்டமோ இரண்டு விரல் அகலம்.

அடையாள அட்டையில் 35 மி.மீ. அகலம், 45 மி.மீ. உயரத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 413 × 531 புள்ளிகள் போதும். விரித்தாலும் கைபேசிப் படத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. பள்ளிகள் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இர்ஃபான்வியூ மென்பொருளில் ஒரு கோப்புறைப் படங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் சிறிதாக்கலாம். முகம் நடுவில் வருமாறு வெட்டுவதை மட்டும் நான் கையால்தான் செய்கிறேன். மூலப்படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் போகும்.

பள்ளி முத்திரை, தலைமையாசிரியர் கையொப்பம் போன்றவற்றுக்கு ஜேபெக் வேண்டாம். எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். அவற்றுக்கு விவரம் எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி ஏற்றது. முகப்படத்தை பிஎன்ஜி-யில் வைத்தால் ஜேபெக்கைவிடப் பல மடங்கு பெருக்கும்.

ஒருமுறை வீட்டில் வேலை பார்க்கத் தரவுத்தளக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய், எல்லாச் சட்டங்களும் வெறுமையாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். கோப்புறையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இப்போது காப்புப் பிரதி எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்கிறோம். பிள்ளைகளின் முகங்கள் உள்ள கோப்புறை என்பதால், கணினியில் அதற்குத் தனிக் கடவுச்சொல் கணக்கும் வைத்திருக்கிறோம்.