மேடையும் கோட்டையும் – 9: புத்தகத்தைத் தடை செய்த வாசகர்

மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் இறங்கினால், அந்தச் சின்ன ஊரில் பண்பாட்டுக்கு எத்தனை எஜமானர்கள் என்று எண்ணித் தீராது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் மத்தியத் தொல்லியல் துறையின் கையில். கூப்பிடு தூரத்தில் தலசயனப் பெருமாள், அறநிலையத் துறையின் பொறுப்பில். 1957-ல் தொடங்கிய சிற்பக் கல்லூரி கலை பண்பாட்டுத் துறையிடம். டிசம்பரில் தொடங்கும் நாட்டிய விழா சுற்றுலாத் துறையுடையது. சென்னைக் கோட்டையிலோ சுற்றுலா, பண்பாடு, அறநிலையங்கள் மூன்றும் சேர்ந்து ஒரே செயலகத் துறை. நம்மூர் அரசாங்கத்துக்குப் பண்பாடு என்றால் பாதி கோயில், பாதி பஸ் நிறைய வரும் பயணிகள்.

மேற்கு வங்கத்தில் கணக்கே வேறு. அங்கே பண்பாடு செய்தித் துறையோடு ஒட்டிக்கொண்டது. அரசின் அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிற அதே துறைதான் சினிமாவுக்கும் நாடகத்துக்கும் பணம் கொடுக்கும். இந்த ஜோடிப் பொருத்தம் எனக்கு எப்போதுமே உறுத்தல். அந்தத் துறையில் வந்து உட்கார்ந்தவர் தேர்ந்த இலக்கிய வாசகர் என்பதால் உறுத்தல் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. அவர் புத்ததேவ் பட்டாச்சார்யா.

போன வாரம் பார்த்த மெலினா மெர்கூரி உலகம் அறிந்த நடிகை. கிரீஸின் சோஷலிஸ்ட் அரசில் அமைச்சரானவர். புத்ததேவ் மேடை ஏறியவர் அல்ல. 1944-ல் வடக்குக் கல்கத்தாவில் பிறந்தார். தாத்தா கிருஷ்ணசந்திர ஸ்மிருதிதீர்த்தர் எழுதிய ‘புரோகித தர்ப்பணம்’ வங்காளத்துப் புரோகிதர்களின் கைநூல். அப்பா புரோகிதத்துக்குப் போகவில்லை, குடும்பத்தின் பதிப்பகத்தைப் பார்த்துக்கொண்டார். சித்தப்பா முறையில் ஒரு கவிஞர்: இருபது வயதிலேயே காசநோயில் போன சுகாந்த பட்டாச்சார்யா. பசியைப் பற்றி அவர் எழுதியதை வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மந்திரம், அச்சு, கவிதை மூன்றும் புழங்கிய வீட்டிலிருந்து பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் வங்காள இலக்கியம் படித்தார் புத்ததேவ். 1966-ல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1977-ல் ஜோதிபாசுவின் முதல் அமைச்சரவையில் செய்தித் துறை கிடைத்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அந்த முதல் ஐந்து வருடங்களின் சாதனை என்று எதைச் சொல்வது? நான் ஒரே ஒரு படத்தைச் சொல்வேன். சத்யஜித் ராயின் ‘ஹிரக் ராஜார் தேஷே’, 1980. தயாரிப்பு: மேற்கு வங்க அரசு. ராயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கும் அரசுப் பணம்தான் கைகொடுத்தது, ஆனால் அது காங்கிரஸ் முதல்வர் பி.சி.ராய் காலம். இந்தப் படம் வேறு ரகம். வைரச் சுரங்கத்துக்கு அதிபதியான ஒரு மன்னன் பள்ளிக்கூடத்தை மூடுகிறான், புத்தகங்களை எரிக்கிறான், எதிர்த்துப் பேசுகிறவர்களை மூளைச்சலவை இயந்திரத்துக்குள் தள்ளுகிறான். குழந்தைகள் படம் என்று பெயர். நெருக்கடி நிலையைப் பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. கடைசியில் மக்கள் மன்னனின் சிலையில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அதற்குள் மன்னனுக்கே மூளைச்சலவை ஆகிவிட்டதால் அவனும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்துத் தன் சிலையைத் தானே இழுக்கிறான். ராஜாக்களைக் கேலி செய்ய ஒரு ராஜாங்கம் பணம் போட்டது. இந்தியாவில் எந்தச் செய்தித் துறை இதைச் செய்தது, சொல்லுங்கள்.

1982 தேர்தலில் காசிப்பூரில் மிகச் சில வாக்குகளில் தோற்றார். அதனால் 1985 செப்டம்பரில் ‘நந்தன்’ திரைப்பட வளாகத்தை ராய் திறந்து வைத்தபோது புத்ததேவ் அமைச்சரே இல்லை. இருந்தாலும் நந்தன் என்றதும் வங்காளிக்கு நினைவுக்கு வருவது அவர் முகம்தான். 1987-ல் ஜாதவ்பூரில் ஜெயித்து அதே துறைக்குத் திரும்பினார். முதல்வரான பிறகும் செய்தி பண்பாட்டுத் துறையை வேறு யாருக்கும் விடவில்லை. தலைமைச் செயலகத்தில் கோப்புகளை முடித்துவிட்டு சாயங்காலம் நந்தனில் போய் உட்கார்வது கடைசிவரை அவர் வழக்கம். படம் பார்ப்பார், எழுத்தாளர்களோடு பேசுவார், சிகரெட் பிடிப்பார். 1995 முதல் கொல்கத்தா திரைப்பட விழா அங்கேதான் நடந்தது. இடையில் மாயகோவ்ஸ்கியை வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். மார்க்வெஸின் இரண்டு புத்தகங்களையும் மொழிபெயர்த்தார்: கடலில் தத்தளித்த மாலுமியின் கதை ஒன்று, சிலிக்குள் மாறுவேடத்தில் நுழைந்த இயக்குநரின் கதை இன்னொன்று. 1993-ல் ஜோதிபாசுவோடு பிணங்கிப் பதவியை விட்டு விலகி, வீட்டில் உட்கார்ந்து ‘துஸ்ஸமய்’ என்ற நாடகத்தை எழுதினார். கெட்ட காலத்தைப் பற்றிய நாடகம். சில மாதங்களில் அமைச்சரவைக்குத் திரும்பிவிட்டார். கோபத்தில் ராஜினாமா செய்த மந்திரிகள் நிறைய. அந்தக் கோபத்தில் நாடகம் எழுதியவர் எத்தனை பேர்?

மதுராந்தகம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திரௌபதி அம்மன் கோயில் கூத்து. கொட்டகைக்குள் புஜக்கட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த வாத்தியாரிடம் இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். முகத்தில் பாதி அரிதாரம். கண்ணாடித் துண்டிலிருந்து பார்வையை எடுக்காமல், “அது கெடக்கட்டும் சார், அந்த மந்திரி கூத்து பாப்பாரா? வெடிய வெடிய குந்துவாரா?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. புத்ததேவின் பண்பாட்டு வரைபடத்தில் நந்தனும் ரவீந்திர சதனும் நிற்கிற அந்தக் கொல்கத்தா வட்டாரம் பெரியதாகவும், நாட்டுப்புறத்து ஜாத்ரா நாடக மேடையும் பாவுல் பாட்டும் ஓரத்திலும் இருந்தன என்றே நினைக்கிறேன். ரசனை உயர வேண்டும் என்ற அக்கறை இடது முன்னணியில் பலருக்கு இருந்தது. அந்த அக்கறை சில நேரம் பிரம்பாக மாறும். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண் உஷா உதூப்பின் பாட்டைச் சீரழிவு என்று சொல்லி, ஜதின் சக்கரவர்த்தி என்ற பொதுப்பணித் துறை அமைச்சர் அரங்கம் தர மறுத்தார். உஷா நீதிமன்றம் போய் ஜெயித்தார். பாட்டுக்குப் பொதுப்பணித் துறை அமைச்சர் தீர்ப்புச் சொன்ன காலம்!

புத்ததேவின் பிரம்பு 2003 நவம்பரில் வெளியே வந்தது. தஸ்லிமா நஸ்ரினின் தன்வரலாற்று வரிசையில் மூன்றாவதான ‘த்விகண்டித’ நூலை அவர் அரசு தடை செய்தது. சொன்ன காரணம், மத உணர்வு புண்படும் என்பது. எழுத்தாளர்களிடம் கேட்டுத்தான் செய்தோம் என்றார்கள். சுனில் கங்கோபாத்யாய போன்ற பெரிய கையே தடையை ஆதரித்தது உண்மை. இரண்டு வருடம் கழித்து 2005-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. முதல்வர், பண்பாட்டு அமைச்சர், காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சர், மார்க்வெஸின் மொழிபெயர்ப்பாளர் எல்லாம் ஒரே ஆள். கலவரம் வருமா என்று போலீஸ் மந்திரி கேட்கும்போது வாசகர் குறுக்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை.

பிறகு 2007. ரசாயனத் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த நந்திகிராமத்தில் மார்ச் 14 அன்று போலீஸ் சுட்டதில் பதினான்கு பேர் இறந்தார்கள். நவம்பரில் கட்சிக்காரர்கள் பலவந்தமாக அந்த ஊர்களை மீண்டும் பிடித்தார்கள். சரியாக அதே வாரம் நந்தனில் திரைப்பட விழா. அபர்ணா சென்னும் ரிதுபர்ணோ கோஷும் விழாவைப் புறக்கணித்தார்கள். வளாகத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எதிர்த்தரப்புக்கு அவர்கள் பாணியிலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது என்கிற அர்த்தத்தில் முதல்வர் பேசினார். கூத்து வாத்தியாரைக் கேட்டால் இது துரியோதனன் வசனம் என்பார். நவம்பர் 14 அன்று கட்சிக்கொடி இல்லாமல் கொல்கத்தா தெருவில் ஒரு ஊர்வலம் போனது. எழுத்தாளர்கள், நடிகர்கள், ஓவியர்கள். இடதுசாரிகளோடு வாழ்நாள் முழுதும் இருந்த மிருணாள் சென்னும் அதில் நடந்தார். அடுத்த வாரம் தஸ்லிமாவை வெளியேற்றச் சொல்லிக் கொல்கத்தாவில் கலவரம், ராணுவம் வந்தது. தஸ்லிமா நகரத்தை விட்டு ராஜஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். ஒரே மாதத்தில் இத்தனையும்.

கலைஞர்களை விலைக்கு வாங்கியவர் அல்ல புத்ததேவ். அவர்களோடு தேநீர் குடித்தவர். அதனாலேயே அவர்கள் தன் பக்கம் என்று நம்பிவிட்டார். தெருவில் இறங்கியவர்களை எதிர்க்கட்சிக்காரர்களாகப் பார்த்தாரே தவிர, சாயங்கால நண்பர்களாகப் பார்க்க முடியவில்லை.

2011 மே 13 அன்று ஜாதவ்பூரிலேயே தோற்றார். ஜெயித்தவர் மணீஷ் குப்தா, அவர் அரசிலேயே தலைமைச் செயலாளராக இருந்தவர். 1947-ல் அதே மே 13 அன்று, அதே ஜாதவ்பூரின் காசநோய் மருத்துவமனையில்தான் சுகாந்த இறந்தார். இதில் அர்த்தம் தேட வேண்டாம், வங்காளிகள் தேடினார்கள்.

பாம் அவென்யூவின் இரண்டு அறை அரசுக் குடியிருப்பை அவர் கடைசிவரை மாற்றவில்லை. 2022-ல் பத்மபூஷண் அறிவித்தபோது வேண்டாம் என்றார். 2024 ஆகஸ்ட் 8 அன்று இறந்தார், எண்பது வயது. உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. அவர் கை சுத்தம் என்பதில் எதிரிகளுக்கும் சந்தேகம் இல்லை. பண்பாட்டு அமைச்சரை அளக்க அந்த ஒரு கோல் போதாது என்பதுதான் என் வாதம்.

ஆட்சி மாறிய 2011-லேயே திரைப்பட விழாவின் தொடக்கத்தை மம்தா பானர்ஜி நேதாஜி உள்விளையாட்டரங்குக்குக் கொண்டுபோனார். மேடையில் ஷாருக் கான். 2014-ல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. அரசுத் திட்டங்களைப் பாடிப் பரப்புவதும் அவர்கள் வேலை. வாத்தியாரிடம் இதைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. “ஆயிரமா? மாசா மாசமா?” என்றார். எதைப் பாட வேண்டும் என்பதையும் சொன்னேன். “அது பரவால்ல சார், நம்ம கோமாளி கட்டியங்காரனுக்குக் குடுத்துட்டா அவன் பாத்துக்குவான்” என்று கிரீடத்தை எடுத்தார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கொச்சி பியனாலேவுக்கு வழிவிட்ட கேரள அமைச்சர் எம்.ஏ.பேபி