துண்டும் பந்தும்

ஊவாவில் கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்கள் தேயிலைக்குப் பேர்போன மாதங்கள். அந்த வறண்ட காற்றுப் பட்ட பிறகே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறுகின்றது. 1883ஆம் ஆண்டு முதல் கொழும்பில் நடந்து வரும் தேயிலை ஏலத்தில் இப்பருவத்துத் தேயிலைக்கென்று ஒரு மதிப்பு உண்டு. அதே மாதங்களில் பதுளைக் கடைவீதித் தேநீர்க் கடைகளிலும், பசறை, ஹாலி-எல, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களின் லயத்து வாசல்களிலும் இன்னொரு விலைப் பேச்சும் நடக்கின்றது. இங்கே பேசப்படும் பொருள் மனிதர். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் தமது கோடைக்காலத்தில் விலைகொடுத்து வாங்கும் ஆட்டக்காரர்கள்.

நான் பந்தை உதைத்து அறிந்தவன் அல்லேன். பந்தைப் பற்றிய பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு அறிந்தவன். கையடக்கத் தொலைபேசியில் ஆட்டம் பார்க்கும் நம் இளைஞருக்கு மன்செஸ்டரும் லிவர்பூலும் மடுல்சீமையைவிடப் பக்கத்து ஊர்களாகிவிட்டன. 2025ஆம் ஆண்டுக் கோடையில் அவர்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. லிவர்பூல் கழகம் ஜெர்மனியரான புளோரியான் வேர்ட்ஸையும், நியூகாசில் கழகத்திலிருந்து சுவீடன் வீரர் அலெக்சாண்டர் ஈசாக்கையும் கொண்டுவந்தது. ஈசாக்கின் விலை 12 கோடியே 50 இலட்சம் பவுண். பிரித்தானியக் கழகம் ஒன்று அதுவரை ஒரு வீரருக்குக் கொடுத்த தொகைகளுள் அதுவே பெரிது. மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் கூன்யா, எம்பெயுமோ, செஸ்கோ ஆகியோரை எடுத்தது. ஆர்சனல் கழகமோ, சிறுவனாயிருந்த காலத்தில் தானே வேண்டாமென்று அனுப்பிவிட்ட எஸேயைப் பெருவிலை கொடுத்து மீட்டுக்கொண்டது.

இவற்றை எடைபோடும் இரசிகரை மூவகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர் விலையை நம்புபவர். இவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்றால் பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். இரண்டாம் வகையினர் கணக்குப்பிள்ளைமார். வயது என்ன, சென்ற ஆண்டு அடித்த கோல்கள் எத்தனை, காயப்பட்டு இருந்த நாட்கள் எத்தனை என்று ஏடு திறந்தாற்போல் ஒப்புவிப்பார்கள். மூன்றாம் வகையினர் தொகையிற் சிலர், சத்தம் போடாதவர். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: “இவன் ஓடிப்போய் நிற்கும் இடத்துக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க இந்தக் கழகத்தில் யார் இருக்கிறார்கள்?”

இந்தக் கடைசிக் கேள்வியே உண்மையான திறனாய்வு என்பது என் துணிபு. விலையை நம்பியவர்கள் ஏமாந்த கதைகள் ஏராளம். பால் பொக்பா என்ற பிரெஞ்சு வீரரை மன்செஸ்டர் யுனைட்டட் 2012இல் ஏறக்குறைய இனாமாக இத்தாலிக்குப் போகவிட்டது. 2016இல் அதே கழகம் அதே மனிதரை 8 கோடியே 90 இலட்சம் பவுண் கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்று உலகிலேயே பெரிய தொகை அது. 2022இல் ஒப்பந்தம் முடிந்து அவர் மறுபடியும் ஒரு சதமும் பெற்றுத்தராமல் வெளியேறினார். மறுபக்கத்தில், ரியாத் மாரெஸ் என்ற அல்ஜீரிய வீரரை 2014இல் லெஸ்டர் கழகம் ஐந்து இலட்சம் பவுணுக்கும் குறைவாகவே வாங்கியது. 2016இல் அக்கழகம் இங்கிலாந்தின் முதன்மைக் கிண்ணத்தையே வென்றது. பொக்பா திறமையற்றவரும் அல்லர். மாரெஸ் மாயவித்தைக்காரரும் அல்லர். ஒருவருக்கு இடம் பொருந்தவில்லை, மற்றவருக்குப் பொருந்தியது. தேயிலை ஏலத்தில் முதலிற் சுவை பார்க்கிறார்கள், பிறகு விலை சொல்கிறார்கள். பந்தாட்டத்தில் விலை சொல்லிவிட்டுத்தான் சுவை பார்க்கிறார்கள்.

இத்தகைய விவாதமொன்றை ஓரமாய் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, ஒருமுறை இளைஞரை இடைமறித்துச் சொன்ன வார்த்தைகள் என் மனத்தை விட்டு அகலவில்லை. “இது நம்ம பழைய துண்டுதான் தம்பி. அந்தக் காலத்துல ஒரு தோட்டத்த விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகணும்னா, புதுத் தொர பழைய தொரைக்குப் பணம் கட்டணும். எங்க தாத்தா சொல்லுவாரு.”

இளைஞர் சிரித்தார்கள். ஆனால் முதியவர் சொன்னது வரலாறு.

துண்டு என்றால் என்ன? தென்னிந்தியாவிலிருந்து கங்காணி அழைத்துவந்த தொழிலாளி, தோட்டத்தில் கால்வைக்கும்போதே கடனாளியாய்க் கால்வைத்தான். வழிச்செலவு, சாப்பாடு, போர்த்திய கம்பளி எல்லாம் அவன் பேரிற் பற்று எழுதப்பட்டன. அக்கடன் தீரும்வரை வேறு தோட்டத்தில் அவன் பேர் பதிய முடியாது. போக வேண்டுமானால், தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்: இவ்வளவு ரூபாயைக் கட்டுகிறவர் இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். அச்சீட்டுக்குத்தான் துண்டு என்று பேர். கங்காணி அதைக் கையிற் பிடித்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போவார். ஆட்பஞ்சமுள்ள துரை பழைய கடனையும் கட்டி, கங்காணிக்கு மேற்கொண்டு முன்பணமும் கொடுப்பார். அந்த மேற்பணமும் ஈற்றில் ஏறுவது தொழிலாளியின் கணக்கில்தான். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு வேறு. இன்றைய பந்தாட்டத்தில் தரகர் பெறும் பங்கை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1893ஆம் ஆண்டு முதல் அங்கே லீக் கழகத்தில் ஆடிய வீரன், தன் கழகம் இசைந்தாலன்றி வேறு கழகத்தில் பேர் பதிய முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவன் பதிவைக் கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். சம்பளம் கொடுக்க வேண்டியதுமில்லை. 1905இல் அல்ப் கொமன் என்ற வீரர் சண்டர்லாந்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1000 பவுணுக்கு மாறியபோது, மனிதனுக்கு இவ்வளவு விலையா என்று அங்கே பலர் முகம் சுளித்தார்கள். அந்த நாளில் இங்கே நம் மலைகளில் துண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. ஒரே சாம்ராச்சியம், ஒரே ஏற்பாடு, ஓரிடத்தில் பந்து, மற்றோரிடத்தில் தேயிலை.

வேறொரு வியப்பும் உண்டு. இலங்கையில் துண்டு முறையைச் சட்டம் 1921இல் ஒழித்துவிட்டது. இங்கிலாந்தின் பந்தாட்டக்காரனோ மேலும் 42 ஆண்டுகள் காத்திருந்தான். ஜோர்ஜ் ஈஸ்தம் என்பவர் நியூகாசில் கழகத்தை விட்டு விலக முயன்று, அது விடாதபோது ஆடுவதையே நிறுத்தி, தக்கை விற்கும் வேலைக்குப் போய்விட்டார். 1960இல் அவரை ஆர்சனலுக்கு அனுப்பினார்கள். ஆயினும் அவர் வழக்கைக் கைவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்துவைப்பது நியாயமற்ற தடை என்று 1963இல் நீதியரசர் வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார். பிறகு பெல்ஜியத்தில் ஜான்-மார்க் பொஸ்மன் என்ற, பெரும்புகழ் ஏதுமில்லாத வீரர் ஐந்தாண்டு போராடினார். ஒப்பந்தம் முடிந்தவருக்கு எவரும் மாற்றுத்தொகை கேட்கலாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15இல் தீர்த்தது. பொக்பா இருமுறையும் தொகையின்றி விலகியது இத்தீர்ப்பின் நிழலிலேதான்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? அல்ல. முதியவரின் உவமையை மதித்தே சொல்கிறேன். வேற்றுமைகளை மறந்தால் நம் முன்னோரின் துயரத்தைச் சிறுமைப்படுத்தியவர் ஆவோம். ஈசாக்குக்குக் கொடுத்த தொகை அவரை வாங்கிய கழகத்தின் சுமை. துண்டில் எழுதிய தொகையோ தொழிலாளியின் சொந்தக் கடன். அவர் விலை ஏற ஏறச் சம்பளமும் ஏறும். இவன் விலை ஏற ஏற அடிமைத்தளை இறுகும். அவர் கையொப்பம் இடாமல் எந்த மாற்றமும் செல்லாது. இவன் இசைவை எவரும் கேட்டதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்மவர், தோட்டத்தின் குறியும் ஓர் இலக்கமும் பொறித்த தகரவில்லையைக் கழுத்திற் கட்டிக்கொண்டு இங்கு வந்தார்கள். பந்தாட்டக்காரன் முதுகிலும் இலக்கம் உண்டு. ஆனால் இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கில் 1993 முதல் அந்த இலக்கத்துக்கு மேலே அவன் பேரும் எழுதப்படுகின்றது. பேர் இருப்பதற்கும் இல்லாமைக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று.

துண்டு ஒழிந்த பின்னரும் மனிதரைத் தொகையாகப் பேசும் வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாட்டவர் பட்டியலிலிருந்து எம்மவர் பேர்களை விலக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும் என்றது. பேசப்பட்டவர்களுக்கு அப்பேச்சில் இருக்கை இருக்கவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் புறப்பட்டபோது மேடையில் நின்று அழுதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுந்தான் இன்று லயத்து வாசலில் அமர்ந்து, யாரை எத்தனை கோடிக்கு வாங்கினார்கள் என்று விவாதிக்கிறார்கள்.

அவர்கள் விவாதிப்பதை நான் குறைகூறவில்லை. மாறாக, அந்த மூன்றாம் வகை இளைஞனின் கண் நமக்கு வேண்டும் என்கிறேன். வந்தவன் என்ன விலை என்று கேளாமல், வந்தவனுக்கு யார் பந்து கொடுப்பார் என்று கேட்கும் அக்கண், உலகின் மறுகோடியில் ஆடும் ஒருவனின் ஓட்டத்தையும் நிலையையும் நுணுகி அளக்கின்றது. அதே கண் மாலையில் கீழ்ப்பிரிவு மைதானத்துக்குத் திரும்பினால் என்ன? அங்கே வெறுங்காலோடு ஆடுகிறான் ஒரு பையன். சரிவான மண், மழை பெய்தால் பந்து தேயிலைக்குள் உருண்டுவிடும். அவன் இடக்காலால் உதைப்பான் என்பது அவன் தோழருக்கு மட்டுமே தெரியும். பத்தாம் வகுப்போடு அவன் கொழும்புக்குப் போய், கடையிலோ உடைத் தொழிற்சாலையிலோ பேர் பதிந்துகொள்வான். அந்தக் கழகமாற்றத்தைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் விவாதம் நடப்பதில்லை.

உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா 2001ஆம் ஆண்டில் ஒரு நல்ல விதியை வகுத்தது. ஒப்பந்தக் காலத்துக்குள் ஒரு வீரன் நாடுவிட்டு நாடு விலைபோகும்போது, 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பயிற்றிய கழகங்களுக்கு அத்தொகையில் 5 விழுக்காட்டைப் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும். வளர்த்தவருக்கும் பங்கு உண்டு என்பதே இவ்விதியின் கருத்து. ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகம் கொடுத்த விலையில், அதைக் கொய்த விரல்களை வளர்த்த லயங்களுக்கு இப்படியொரு பங்கு ஒதுக்கப்பட்டிருந்தால் இம்மலைகளின் முகமே வேறாயிருக்கும்.

அத்தகைய விதி வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியப் பெருமக்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை நோக்கும்போதும், வாசகர் புதிய எழுத்தாளன் ஒருவனின் முதல் நூலைக் கையில் எடுக்கும்போதும், ஊரார் வேற்றுத் தோட்டத்திலிருந்து வந்தவனை ஏற்கும்போதும், அம்மூன்றாம் இளைஞனின் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இங்கே இவன் நன்றாக ஆடவேண்டுமானால், பந்தை இவனிடம் கொண்டு சேர்ப்பவர் யார்? அதற்கு விடையாக நம்மில் ஒருவர் எழுந்து நின்றால், துண்டின் காலம் உண்மையிலேயே முடிந்தது என்று நம்பலாம்.