ஹாலோவீனும் மலையிறங்கும் மாடுகளும்

அக்டோபர் 31 ராத்திரி பேய் வேஷம் போட்டு ஸ்டோரி வைத்தீங்களே, அந்த ஹாலோவீனுக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

அயர்லாந்தின் பழைய நாட்காட்டியில் வருஷத்துக்கு இரண்டே பாதி. மே 1 பெல்டேன், கோடை ஆரம்பம். நவம்பர் 1 சவின், குளிர்காலம் ஆரம்பம். அதற்கு முந்தின ராத்திரிதான் நம்ம ஹாலோவீன். இடையில் உள்ள கோடை மாதங்களில் மாடுகள் மலைமேல் மேயும். கூடவே ஆட்களும் போய்க் குடிசை போட்டுத் தங்குவார்கள். அந்தக் குடியிருப்புக்குப் பெயர் 'பூலி'. நம்ம ஊர் மாட்டுப்பட்டி மாதிரின்னு வைச்சுக்கோங்க.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? கீழே வயலில் ஓட்ஸும் பார்லியும் விளைகிற நேரம் அது. மாடு புகுந்தால் எல்லாம் காலி. மேலே ஓட்டிவிட்டால் பயிர் தப்பும், ஊர்ப்பக்கத்துப் புல்லும் குளிர்காலத்துக்கு மிஞ்சும்.

சரி, மலையில் கறந்த பாலை என்ன செய்வது? தினமும் கீழே சுமக்க முடியாது, வைத்தால் கெட்டுவிடும். அதனால் வெண்ணெய் கடைந்தார்கள். ஒரு கிலோ வெண்ணெய்க்குச் சுமார் 20 லிட்டர் பால் வேண்டும். அதாவது 20 கிலோ சுமை ஒரு கிலோவாகிறது. ஃபைலை ஜிப் பண்ணுகிற மாதிரிதான்!

எனக்கு உறுத்துவது வேறு. பூலி பற்றி அதிகம் பேசப்படும் பழைய எழுத்து, அதை வெறுத்த ஒருவருடையது. ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர், ஐரிஷ்காரர்களிடம் பறித்த நிலத்தில் குடியேறியவர். திருடர்களும் கலகக்காரர்களும் ஒளிந்துகொள்ள பூலிதான் வசதி, அங்கே வாழ்கிறவர்கள் அடங்காமல் போய்விடுகிறார்கள் என்று 1596-இல் எழுதினார். நிரந்தர முகவரி இல்லாத ஆளை எந்த அரசாங்கத்துக்குத்தான் பிடிக்கும்? மாடு மேய்த்தவர்கள் தரப்பில் பதில் எழுத யாரும் இல்லை. பிற்காலத்தில் பூலிக்குப் போனவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களில் பெரும்பாலானோரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் இடம் கிடைக்கிறது. ஓடைப் பக்கம் கல் அடித்தளத்தோடு சின்னச் சின்னக் குடிசைகளின் மிச்சம். சுற்றிலும் மலைச்சரிவு பழுப்பாக இருக்க, அன்றைக்கு மாட்டுச்சாணம் விழுந்த இடத்தில் மட்டும் புல் இன்னும் பளிச்சென்று பச்சை. மேற்கே அக்கில் தீவில் 20-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. மேப்பில் அயர்லாந்தைத் திறந்து 'பூலி', 'போலி' என்று வரும் ஊர்ப்பெயர்களைத் தேடிப் பாருங்க. நிறையவே மாட்டும்.